உட்கார வைத்தவள்

அந்த அறையில் நாற்காலி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கைதியைப் பரிசோதிக்க வரும் நர்சம்மா உட்கார்ந்து எழுதட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்து போட்டது. அவள் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக நாற்காலியைக் கைதியின் பின்னால் இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்பாள். வார்டர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "சிஸ்டரை விட்டா தலகாணி வெச்சு தாலாட்டும் பாடுவாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிப்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வாய் திறக்காத விசாரணைக் கைதிகளை அங்கேதான் நிற்க வைப்பார்கள். அடி கிடையாது, உதை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. சுவரைப் பார்த்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சாயக் கூடாது, கால் மாற்றக் கூடாது. எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விதிப்புத்தகத்தில் சொல்லியிருந்தது: தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிற்க வைக்கக் கூடாது. நாலு மணி நேரம் ஆனதும் பத்து நிமிடம் ஓய்வு, கூடவே மருத்துவப் பரிசோதனை. பதிவேட்டில் 'நிற்கத் தகுதி உண்டு' என்று முத்திரை விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து நாலு மணி நேரம். 'தகுதி இல்லை' என்று விழுந்தால் நிற்பது அத்தோடு சரி.

இரண்டு ரப்பர் முத்திரைகளும் நர்சம்மாவின் பையில்தான் இருந்தன. ஒன்று தேய்ந்து போயிருந்தது. மற்றது வாங்கியபடியே இருந்தது.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓர் அதிகாரி வந்து விளக்கினார். "எலும்பு முறிஞ்சா சித்திரவதை. ரத்தம் வந்தா சித்திரவதை. ஒரு உறுப்பு நிரந்தரமா கெட்டுப்போனா சித்திரவதை. நிக்கிறதா? பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல நிக்காதவங்க இங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நோட்டில் எழுதியும் கொண்டாள்.

'தகுதி இல்லை' முத்திரையை அவள் ஒரே ஒரு தடவை குத்தியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு லாரி டிரைவருக்கு. அன்று சாயங்காலமே அவரைப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நர்சும் கிடையாது, பதிவேடும் கிடையாது. ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கைவிரல்களை மடக்க முடியவில்லை. சூப்பிரண்ட் அவளைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "நீங்க பாத்துக்கிட்டா நாலு மணி நேரம்மா. நீங்க பாக்கலேன்னா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது" என்றார். அன்றிலிருந்து அவள் தேய்ந்த முத்திரையைத்தான் எடுத்தாள். அதற்குப் பரிகாரம் போல நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், கால்களைத் தடவிவிட்டாள். ராத்திரி முறைக்கு வரும் கம்பவுண்டர் மகா சோம்பேறி. அவர்கூட அவளைப் பார்த்து நாற்காலி போடப் பழகிவிட்டார்.

அந்த அறையில் அப்படி நிற்க வந்தவர்களில் ஒருவர்தான் பிரஸ்காரர். நகரத்தில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ஏதோ துண்டுப் பிரசுரம் அச்சடித்திருக்கிறார், அதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் முத்திரை குத்தும்போது அவர் நகக்கண்ணில் கறுப்பு மை அப்படியே இருந்தது.

"மெஷின் முன்னாடி பதினெட்டு வருஷம் நின்ன காலு, சிஸ்டர். இவங்க என்ன என்னை நிக்க வெக்கிறது" என்று சிரித்தார்.

கைக்கடிகாரத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். கைதிக்கு மணி தெரிந்துவிடக் கூடாதாம். நாடி பார்க்க அரை நிமிடத்துக்கு ஒரு சின்ன மணல் குடுவை கொடுத்திருந்தார்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணும்போது அவர் மணல் விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை சிரிப்பு நின்றது. மணி என்ன என்று கேட்டார், அவள் சொல்லவில்லை. புதன்கிழமை பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அவள் தரையில் மண்டியிட்டு அவற்றைத் தடவிவிட்டாள். 'இரு கால்களிலும் வீக்கம்' என்று குறிப்பில் எழுதினாள். நாடி சரியாக இருந்தது, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. முத்திரை குத்தினாள்.

"நீங்க வர்ற சத்தம் கேட்டாத்தான் உயிரே வருது சிஸ்டர்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் உதட்டில் தோல் உரிந்திருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். சொல்லக் கூடாது. வார்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் மணல் குடுவையைத் திருப்பி வைத்தாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி விடுங்க. என்னால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்றார். அப்புறம், யாரும் சொல்லாமலே, நாற்காலியின் உடையாத கையைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

நாலு மணிக்கு அவள் வந்தபோது அவர் தரையில் கிடந்தார். "நடிக்கிறான்னு நெனச்சோம்" என்றார் வார்டர். காலில் உறைந்த ரத்தம் ஏறிப்போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குடுவையைத் திருப்பி வைத்தாள். மணல் முழுக்க விழுந்து முடிந்தது. இன்னொரு தடவை திருப்பி வைத்தாள். வார்டர்தான் அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

அச்சகத் தொழிலாளிகள் தெருவை அடைத்து உட்கார்ந்ததில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணை என்று அறிவித்தார்கள். சூப்பிரண்ட் நர்சம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவேடு அவர் மேஜையில் விரித்துக் கிடந்தது.

"உக்காருங்கம்மா. நீங்கதான் எங்க எல்லார் மானத்தையும் காப்பாத்தியிருக்கீங்க" என்றார். "மொத்தம் இருபது முத்திரை. பதினொண்ணு உங்களது, ஒம்போது கம்பவுண்டரோடது. நாலு மணி நேரம் ஒரு தடவகூடத் தாண்டல. ஒவ்வொரு தடவயும் உக்கார வெச்சிருக்கீங்க, தண்ணி குடுத்திருக்கீங்க, காலைத் தடவி விட்டிருக்கீங்க. பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா. இதப் போயி சித்திரவதைன்னு எவன் சொல்லுவான்?"

"நான் என்ன சார் சொல்லணும்?"

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. ஒரு வார்த்த கூட்ட வேணாம், ஒரு வார்த்த குறைக்க வேணாம்."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். மனிதர் உண்மையைச் சொல்லச் சொல்கிறார். உண்மையைச் சொன்னாலே எல்லோரும் தப்பித்துவிடுவார்கள், அவளும் சேர்த்து.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள். அவர் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனையாளர். இருபத்திரண்டு வருஷமாக நின்றே வயிறு வளர்க்கிறவர். முதலாளி கடைக்குள் ஒரு ஸ்டூல்கூடப் போட விட மாட்டார். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும்.

"அந்த ஆளு செத்தது பாவந்தான், இல்லேங்கல" என்றார் அவர். "ஆனா நிக்கிறதே சித்திரவதைன்னா, எங்க முதலாளியைத்தான் முதல்ல புடிச்சு உள்ள போடணும். நான் பத்து மணி நேரம் நிக்கிறேனே. எனக்கு யாரு முத்திரை குத்துறா?"

"அது வேறங்க."

"என்ன வேற? சொல்லு பாப்போம்."

அவளுக்கு வேறுதான் என்று தெரிகிறது. எங்கே வேறு என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை லீவுதானே. நின்னு காட்டுறேன், நீயே பாரு. நாலு மணி நேரமென்ன, சாப்பாடு கட்டிக் குடுத்தா எட்டு மணி நேரம் நிப்பேன்" என்றார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். சுவரிலிருந்து ஒரு முழம் அளந்து அவரை நிற்க வைத்தாள். தான் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். கைக்கடிகாரம் முறத்துக்கு அடியில் இருந்தது.

முதலில் ஒரே கும்மாளம். "வாங்க மேடம், என்ன கலர் பாக்குறீங்க? இது துவைக்கத் துவைக்கப் பளபளக்கும் மேடம்" என்று சுவருக்கு வியாபாரம் செய்தார். அவள் பதில் பேசவில்லை. ஒரு மணி நேரத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வலது குதிகால் லேசாகத் தூக்கியது. "காலைக் கீழ வைங்க" என்றாள். தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல இருந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

அவள் சொல்லவில்லை.

"ஏம்மா, மணி என்ன?"

பூண்டுத் தோல் மடியில் உதிர்ந்தது. அவள் குனிந்தே இருந்தாள்.

"விளையாட்டு போதும், சொல்லு." இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. "இந்தா... சொல்லேன்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அங்கே சொல்லவில்லையே, இங்கே எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவருடைய தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தாள். முறத்தைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்த் திருப்பினாள். வியாழக்கிழமை மத்தியானம் மணல் குடுவைக்கு மேலாக அவளைப் பார்த்த அதே முகம்.

கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது.

"எவ்வளவு நின்னேன்?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"அவ்வளவுதானா!" அவர் நம்பவில்லை. கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "காலு வலிச்சது உண்மைதான். ஆனா அது பழகின வலி. கடையில எட்டரைக்கு ஷட்டர் இறக்குவாங்கன்னு தெரியும். நடுவுல நாலு தடவ குடோனுக்குப் போற மாதிரி போயி சாஞ்சுக்குவேன். இங்க நீ பின்னாடியே உக்காந்திருக்க, கேக்குறேன், சொல்ல மாட்டேங்குற. அப்ப ஒரு பயம் வந்துச்சு பாரு... கட்டின பொண்டாட்டிகிட்ட பயந்தேன்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "இப்ப தண்ணி குடிச்சீங்கல்ல. மறுபடி போயி நில்லுங்கன்னு சொன்னா?"

அவர் அவளைப் பார்த்தார். "அப்பவே செத்துடலாம்னு தோணும். அதுக்கு நீ என்னை உக்கார வெச்சிருக்கவே வேணாம்."

அன்று பூராவும் அவள் அழவில்லை. உரித்த பூண்டை என்ன செய்தாள் என்றும் ஞாபகமில்லை. பதினொரு தடவை என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாற்காலி இல்லையென்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் விதிப்படி ஒரு நிமிடம்கூட நிற்க வைக்க முடியாது. அதை மறுபடி மறுபடி தொடங்கி வைத்தது அவளுடைய கை.

விசாரணை நடந்த அலுவலகத்தின் நடையில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீங்கதானே அந்த சிஸ்டர்? நான் அவரு தங்கச்சி."

நர்சம்மா தலையை ஆட்டினாள்.

"புதன்கிழமை ரெண்டு நிமிஷம் போன்ல பேச விட்டாங்க. 'இங்க ஒரு சிஸ்டர் இருக்காங்க, உக்கார வெச்சு தண்ணி குடுக்குறாங்க, காலைப் பிடிச்சு விடுறாங்க, நீ கவலப்படாதே'ன்னு அண்ணன் சொல்லுச்சு. அதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க." அவள் நர்சம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். காகிதம் மடித்து மடித்துக் காய்த்துப்போன கைகள். "ராத்திரி கண்ண மூடினா அந்த அறைதான் வருது அக்கா. அதுல நீங்களும் இருக்கீங்கன்னு நெனச்சாத்தான் கொஞ்சம் தூக்கம் வருது. உக்காருங்கக்கா, ஏன் நிக்கிறீங்க."

இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நர்சம்மா உட்கார்ந்தாள். எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"இயற்கை மரணம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இவங்க எழுதுற அறிக்கையில சித்திரவதைன்னு ஒரே ஒரு வார்த்த வரணும். இல்லேன்னா ஏதோ சீக்குல செத்துப்போச்சுன்னு ஆயிடும். நீங்க சொன்னாத்தான் உண்டு அக்கா."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நீதிபதி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வயதான முகம், களைத்த கண்கள். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டியபடியே கேட்டார்.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"நாலு மணி நேரம் தாண்டிச்சா?"

"இல்லீங்க."

"அவரு வலிக்குதுன்னு கத்தினாரா? உக்கார விடுங்கன்னு கேட்டாரா?"

"இல்லீங்க. மணி கேட்டாரு. கடைசியில என்ன கிழமைன்னு கேட்டாரு. நான் சொல்லல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மனசு புரியுதும்மா. ஆனா எங்கயோ ஒரு இடத்துல கோடு போட்டாகணும். நாலு மணி நேரம்னு போட்டு வெச்சிருக்காங்க. தப்புன்னா எத்தனைன்னு நீங்க சொல்லுங்க. மூணா? ரெண்டா? நாளைக்கு எல்லா ஜெயிலுக்கும் அதானே விதி?"

"மணியில இல்லீங்க." என்றாள் அவள். வீட்டுச் சுவரையும், கழற்றி வைத்த கடிகாரத்தையும், தன்னிடமே பயந்துபோன புருஷனையும் சொன்னாள். தட்டச்சு நின்றுவிட்டது. "எப்ப முடியும்னு நிக்கிறவருக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் என் வாட்சையே கழட்ட வெச்சாங்க. நான் உக்கார வெச்சது ஓய்வு இல்லீங்க. நான் உக்கார வெச்சதாலதான் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க முடிஞ்சது. நான் குடுத்த தண்ணி அதுக்குத்தான் ஆச்சு. இது சித்திரவதைதான்."

நீதிபதி பதிவேட்டை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"அந்த வார்த்தைய நான் எழுதினா, யாரு பண்ணாங்கன்னும் எழுதணும்" என்றார் நீதிபதி. "நிக்கச் சொன்னவங்க வாயால சொன்னாங்க. காகிதத்துல இருக்கறது உங்க முத்திரைதான். முதல் முத்திரையும் உங்களது, கடைசி முத்திரையும் உங்களது. முதல் பேரு உங்க பேராத்தான் இருக்கும். புரியுதா?"

"புரியுது. எழுதுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தட்டச்சுக்காரர் பக்கம் திரும்பி, அவள் சொன்னதைப் பதிந்ததில் 'ஓய்வு அளிக்கப்பட்டது' என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்து நீக்கச் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இன்னும் அரை மணி நேரமாகும், வெளியே உட்காருங்கள் என்றார்.

தங்கச்சி பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். "எழுதிட்டாங்களா?"

"எழுதுறாங்க."

"சித்திரவதைன்னு?"

"ஆமாம்மா."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே நர்சம்மாவின் கையைப் பிடித்தாள். "யாருன்னு சொன்னீங்களா? பேரு வருமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அறிக்கை வெளிவர மாதக்கணக்காகும். ஆனால் இன்னொரு தடவை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்க அவளால் முடியவில்லை.

"என் பேருதான் முதல்ல வரும்" என்றாள். ஏன் என்றும் சொன்னாள். முத்திரை, நாலு மணி நேரம், நாற்காலி, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் எந்த இடத்தில் கையை விட்டாள் என்று நர்சம்மாவுக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அவள் பெஞ்சுக்குப் போய்த் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"அங்க ஒருத்தராவது நல்லவங்க இருந்தாங்கன்னு அண்ணன் நெனச்சுக்கிட்டே போயிடுச்சு" என்றாள். "அதையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாம்ல, அக்கா."

அவள் படி இறங்கிப் போவது கேட்டது. நடையில் யாருமில்லை, பெஞ்சு காலியாக இருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சேவகர், "இன்னும் நேரமாகும்மா, உக்காருங்க" என்றார். நர்சம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தாள்.